174 அடி தூரத்திலிருந்து ஒரு ஸ்ரேசன்

மாதிரி ரயில் செய்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கதை எஞ்சினில்தான் தொடங்கும். எந்த வகுப்பு, எந்த நிறம், மோட்டார் எப்படி ஓடுகிறது என்று போகும். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் என் மேசையில் அதிக நாள் கிடப்பது எஞ்சின் வந்து நிற்கப்போகிற இடம்தான். ஸ்ரேசன் கட்டடம், சாமான் கொட்டகை, கடவைக்காரரின் குடில், தண்ணீர்த் தாங்கி, பாதையோரத்துக் கடை. வன்னியில் இருந்துகொண்டு வன்னியையே செய்கிறவனுக்கு எஞ்சினை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். கட்டடத்தை எடுப்பிக்க முடியாது. அதை நாமேதான் கட்ட வேண்டும்.

ஜெர்மனியின் ஃபாலர் போன்ற கம்பனிகள் 1:87 அளவில், அதாவது உண்மையில் 87 அடி இருப்பது மாதிரியில் ஒரு அடியாகும் அளவில், விதவிதமான கட்டடப் பொதிகளை விற்கின்றன. அருமையான வேலைப்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை பனி விழுகிற நாட்டுக் கட்டடங்கள். கூரை செங்குத்தாக இறங்கும். புகைபோக்கி இருக்கும். பலவற்றில் சுவர் வெளியே தெரியும்படி கூரை சுவரோடு வெட்டி நிற்கும். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் முதலில் தெரிவது கூரை, அடுத்தது கூரைக்குக் கீழே இருக்கிற இருட்டு, அதற்குப் பிறகுதான் சுவர். புகைபோக்கியை வெட்டிவிட்டு நிறத்தை மாற்றினால் அந்தப் பொதி வன்னிக் கட்டடமாகிவிடாது. வெயிலுக்காகக் கட்டியதற்கும் குளிருக்காகக் கட்டியதற்கும் எலும்பிலேயே வித்தியாசம் இருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. 1:87 இல் அது 19.3 மில்லிமீற்றராக வர வேண்டும். கடையில் கிடைக்கிற தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். அது 1435 மில்லிமீற்றர் பாதைக்கு உரியது. சொந்தமாகத் தண்டவாளம் போட்டு, சில்லுகளை அகட்டி, சரியான அகலத்தில் ஓடவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் 16.5 இலேயே விட்டுவிட்டேன். கட்டடமும் கதவும் ஆட்களும் 1:87 இல் ஒன்றுக்கொன்று ஒத்து நின்றால், அந்த மூன்று மில்லிமீற்றரைக் கண் தேடிப் போகாது.

எந்தக் காலத்தைச் செய்வது என்பதுதான் பெரிய முடிவு. வன்னியூடாக வடக்கே போகிற இந்த ரயில் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. 1956 இல் யாழ்தேவி விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. 1990 யூனுடன், போரினால், வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. 2011 இல் ஓமந்தை, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் என்று பாதை திரும்பி வந்தது. இப்போதுள்ள ஸ்ரேசன்களைச் செய்வது லேசு. நேரில் போய் நாடா பிடித்து அளக்கலாம். கொங்கிறீற் சிலிப்பர், விளக்குச் சிக்னல், எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது எழுபதுகளின் கடைசி. கைகாட்டிச் சிக்னலும், ஸ்ரேசன் மாஸ்டர் வளையத்தில் கொளுவி எஞ்சின்காரருக்கு நீட்டுகிற டப்லெற்றும் (அடுத்த ஸ்ரேசன் வரை போக அனுமதி தருகிற வில்லை) இருந்த காலம்.

இடம், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் ஒருபோதும் இருந்திராத ஒரு சின்ன ஸ்ரேசன். உண்மையான ஸ்ரேசன் ஒன்றின் பெயரைப் போட்டால், அங்கே ஏறி இறங்கிய சனத்துக்கு ஒவ்வொரு யன்னலுக்கும் நான் கணக்குக் காட்ட வேண்டும். அவர்களுடைய நினைவின்மேல் என் ஊகத்தைக் கட்ட எனக்கு மனமில்லை. கற்பனை ஸ்ரேசன் என்றால் ஏனோதானோவென்று செய்யலாம் என்றும் அர்த்தமில்லை. அதன் தூண், படி, கிராதி ஒவ்வொன்றும் இந்தப் பாதையில் எங்கோ இருந்ததாக இருக்க வேண்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். மாதிரி ஒன்றை நாம் சாதாரணமாக இரண்டு அடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். 1:87 இல் இரண்டு அடி என்பது 174 அடி. ஸ்ரேசன் வளவின் எதிர்ப்பக்கம், பாதையைக் கடந்து, பற்றை தொடங்குகிற இடத்தில் நின்று பார்ப்பது போன்ற தூரம். அவ்வளவு தூரத்தில் நின்று ஒரு கட்டடத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்று நான் எப்போதும் என்னைக் கேட்டுக்கொள்வேன். செங்கல் தெரியாது. கதவுப் பிணைச்சல் தெரியாது. கூரையின் உருவம் தெரியும், அது போடுகிற நிழல் தெரியும், சுவரின் அடியில் ஏறியிருக்கிற செம்மண் தெரியும். இந்த மூன்றும் சரியென்றால் கட்டடம் வன்னியில் நிற்கும். இவை பிழைத்தால், கதவுக்குப் பூட்டு வைத்தாலும் அது எங்கேயோ நிற்கிற கட்டடம்தான். நுணுக்க வேலையில் கெட்டிக்காரர்களான நண்பர்கள் பலர் என்னோடு இதில் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனாலும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நின்றுபோன காலத்துக் கட்டடத்துக்கு அளவு எடுப்பது எப்படி? பழைய படம் ஒன்றில் தண்டவாளம் விழுந்திருந்தால் நல்லது. ஐந்தரை அடி என்ற அளவுகோல் படத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் அது தண்டவாளம் இருக்கிற தூரத்துக்கு மட்டும்தான் சரி. பின்னால் தள்ளி நிற்கிற சுவருக்கு அந்தச் சுவரிலேயே உள்ள ஒன்றைப் பிடிக்க வேண்டும். கதவு நிலை ஏழடி என்று எடுத்துக்கொண்டால் 1:87 இல் 24.5 மில்லிமீற்றர். நிலையிலிருந்து யன்னல், யன்னலிலிருந்து தூண், தூணிலிருந்து கூரை விளிம்பு என்று நகர்ந்து போகலாம்.

படத்தில் இல்லாததற்கு ஆட்கள்தான். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிறார். மட்டையில் வெட்டிய முதல் உருவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கூரை இன்னும் வெளியிலை வரவேணும். வெயிலுக்கை நிண்ட சனம் உதுக்குள்ளைதான் ஒதுங்கிறது."

"எவ்வளவு வரவேணும் ஐயா?"

"வாங்கு ஒண்டு போட்டு, அதிலை ஆள் இருந்து, அவற்றை காலிலை தட்டாமல் பெட்டியோட இன்னொராள் போகவேணும். அவ்வளவு."

வாங்குக்கு ஒன்றரை அடி, நீட்டிய காலுக்கு இரண்டடி, பெட்டியோடு போகிற ஆளுக்கு மூன்றடி. ஆறரை அடி. 1:87 இல் ஏறக்குறைய 23 மில்லிமீற்றர். எந்த வரைபடத்திலும் எனக்குக் கிடைத்திராத அளவு அது. அந்த விறாந்தை எதற்காக இருந்தது என்பதும் அந்த அளவுக்குள்ளேயே இருக்கிறது.

சுவருக்கு நான் பாவிப்பது மூன்று மில்லிமீற்றர் போம் போட், நடுவில் நுரை வைத்த மட்டை. ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு பத்து அங்குலம் வரும். 1:87 இல் அது 2.9 மில்லிமீற்றர். யன்னலை வெட்டியதும் சுவரின் தடிப்பு தானாகவே தெரியும், யன்னலுக்குள் நிழல் விழும். மெல்லிய பிளாஸ்ரிக் சுவரில் அந்த நிழல் கிடைக்காது. வெட்டுவதற்குப் புது அலகு வேண்டும். மழுங்கிய அலகு நுரையைப் பிய்க்கும். சுவரில் பூசுகிற பில்லர் பவுடரைப் பெயின்றோடு குழைத்து, மெல்லிதாக இழுத்துவிட்டு, காய்ந்த பின் நைசான சாண்ட் பேப்பரால் ஒருமுறை தடவினால் சுண்ணாம்புச் சுவர் வந்துவிடும். செங்கல் வரி கீறுவது பூச்சு உதிர்ந்த ஓரிரண்டு இடத்தில் மட்டும். அங்கேயும் ஒரு வரி ஒரு மில்லிமீற்றரை விடக் குறைவு. மழுங்கிய ஊசியால் மெல்லக் கீறினால் போதும். சுவரில் இதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

நேரம் கேட்பது கூரை. மாதிரியை நாம் மேலிருந்து பார்க்கிறோம் என்பதால் கூரைதான் கட்டடத்தின் முகம். ஓட்டுக் கூரைக்கு ஒரு வரிசை ஓடு வெளியே தெரிவது ஏறக்குறைய ஒரு அடி. 1:87 இல் மூன்றரை மில்லிமீற்றர். பிறிஸ்டல் போட் என்கிற வழுவழுப்பான மட்டையை ஆறு மில்லிமீற்றர் அகலக் கீற்றுகளாக வெட்டி, ஒரு விளிம்பில் இரண்டரை மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டு போட்டு, தாழ்வாரத்திலிருந்து முகடு நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டிய பற்களில் சிலதை நகத்தால் ஒரு சொட்டுத் தூக்கிவிட்டால், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது வரிசை உயிர்பெறும். முகட்டோட்டுக்குக் கடதாசியை ஈர்க்கில் சுற்றி வளைத்து எடுப்பேன்.

நிறம் தீட்டும்போதும் வரிசை வரிசையாகப் போகக் கூடாது. முதலில் முழுக்க ஒரு மங்கலான செங்காவி. பிறகு அங்கங்கே தனி ஓடுகளைக் கருமைக்கும் மஞ்சளுக்கும் இழுக்க வேண்டும். மரக்கொப்பு மேலே தொங்குகிற பக்கத்தில் ஐந்தாறு ஓடு மட்டும் புதுச் சிவப்பு. வன்னியில் குரங்கு ஓடாத கூரை கிடையாது. உடைந்த ஓட்டை மாற்றிப் போட்ட அடையாளம் அது. அதே பக்கத்தில் நிழல் படுகிற கீழ்வரிசைகளில் பாசி காய்ந்த கருமை. எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தாலே இது தெரியும். கூரைக்கு வயதைக் கொடுப்பது வெயிலும் மழையும் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மரமும்தான் என்பதை மாதிரி செய்யத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

சாமான் கொட்டகைக்கு அஸ்பெஸ்ரஸ். அதன் அலைக்கு அலை தூரம் ஏறக்குறைய ஆறு அங்குலம். 1:87 இல் 1.75 மில்லிமீற்றர். ஹாட்வெயார் கடையில் விற்கிற 12 மில்லிமீற்றர் சாதாரண போல்ற்றின் புரிக்குப் புரி தூரமும் 1.75 மில்லிமீற்றர்தான். இதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. சாப்பாடு கட்டித் தருகிற அலுமினியத் தட்டைத் தட்டையாக்கி, சைக்கிள் ரியூப் துண்டின்மேல் வைத்து, புரி போட்ட நீளக் கம்பியை அழுத்தி உருட்டினால் கூரைத் தகடு தயார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புரி சுற்றிச் சுற்றிப் போவதால் கோடுகள் உருட்டுகிற திசைக்குக் கொஞ்சம் சாய்ந்துதான் விழும். எல்லாம் ஒரே சாய்வு என்பதால் பயமில்லை. தட்டின் விளிம்பை நம்பாமல் கோட்டை ஒட்டித் தகட்டை வெட்ட வேண்டும். மூன்று அங்குல அலையுள்ள தகரத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் போல்ற். அதன் புரி 0.8, போதுமான அளவு கிட்ட வருகிறது. எட்டடித் தகரம் 28 மில்லிமீற்றர் நீளம். முழுக் கூரையையும் ஒரே தகட்டில் போடாமல் துண்டு துண்டாக மேவி ஒட்டினால்தான் தகரக்கூரை போலிருக்கும். துருவுக்குத் தண்ணீராய்க் கரைத்த காவியை மேவுகிற இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒழுகவிட்டால் சரி.

அடுத்தது சுவரின் கால். மாரியில் கூரைத்தண்ணீர் நிலத்தில் அடித்து, மண்ணைச் சுவரில் தெறிக்கும். முழங்கால் உயரம் வரைக்கும் வெள்ளைச் சுவர் சிவந்திருக்கும். 1:87 இல் அது ஆறு மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஒரு பட்டி. இதைத் தூரிகையால் கோடாக இழுத்தால் பெயின்ற் அடித்த கரைபோல் ஆகிவிடும். நான் செய்வது, நைசாக அரித்த மண்தூளைத் தண்ணீரும் ஒரு துளி பசையும் விட்டுக் கரைத்து, பழைய பல்துலக்கியின் மயிரை விரலால் நெருடித் தெறிக்கவிடுவது. மேல்பகுதியைக் கடதாசியால் மறைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடதாசியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்தால் மேல்விளிம்பு தானாக மங்கும். பீலி இல்லாத பக்கத்தில் தெறிப்பு அதிகம். மூலையில் அதைவிட அதிகம். விறாந்தைக்குள் இருக்கிற சுவரில் கிட்டத்தட்ட இல்லை. அங்கே அழுக்கு வேறு விதம். வாங்கில் இருந்தவர்கள் தலை சாய்த்த உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறுப்பு. அதை வைத்தபோது ஐயா சிரித்துவிட்டார்.

தெறிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் நிலத்தில் தெரிய வேண்டும். கூரை விளிம்புக்கு நேர் கீழே, தண்ணீர் விழுந்து விழுந்து மண் கரைந்து, சிறுகல் மட்டும் மிஞ்சிய ஒரு கோடு ஓடும். எங்கள் ஊரில் எந்தப் பழைய வீட்டைச் சுற்றிப் போனாலும் அதைக் காணலாம். மாதிரியில் அந்தக் கோட்டை நான் யாரும் செய்து பார்த்ததில்லை. அதைப் போட்டதும் கூரை, சுவர், நிலம் மூன்றும் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. கட்டடத்தை நிலத்தின்மேல் சும்மா வைப்பதும் கூடாது. அடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் புகுந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, கட்டடத்தை இறக்கி, பிறகு மண்ணைச் சுவர்வரை கொண்டுவந்து அணைக்க வேண்டும்.

மண்ணுக்கு எங்கள் வளவு மண்ணேதான். நன்றாகக் காயவைத்து, தேத்தண்ணி வடியில் அரித்து, அதன்பின் பழைய நைலோன் துணியில் இன்னொரு முறை அரித்து, தாச்சியில் போட்டு வறுக்க வேண்டும். பூச்சி முட்டைகள் இருந்தால் சாகட்டும். பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொளித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் விட்டு எடுத்தால், கறுப்புத் தூள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். இரும்புத் தாது. இதை நீக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்து உள்ளே கொண்டுபோய்விடும். ஒட்டுவதற்குப் பைண்டர் கம்மும் தண்ணீரும் சரிபாதி, அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் கலவை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். காய்ந்ததும் மண் ஒரு படி கறுக்கும் என்பதால், தொடங்கும்போதே கொஞ்சம் வெளிறிய மண்ணை எடுப்பது நல்லது. ஸ்ரேசன் வளவுக்குக் கிறவல், பாதைக்குக் கருங்கல் தூள், பின்பக்கம் பற்றை தொடங்குகிற இடத்தில் சருகுத்தூள். செம்மண் என்று ஒரே சிவப்பாக நிரப்பிவிட்டால் படத்தில் பார்த்த வன்னியாக இருக்கும், நடந்து பார்த்த வன்னியாக இருக்காது.

நிறங்களுக்கும் அந்த 174 அடிதான் கணக்கு. தூரம் கூடக் கூட வெள்ளை மங்கும், கறுப்பு சாம்பலாகும். அதனால் சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் என் மேசையில் இல்லை. வெள்ளையடித்த சுவருக்கு வெள்ளையில் ஒரு சொட்டுக் காவியும் ஒரு சொட்டுச் சாம்பலும். தார் பூசிய மரத்துக்குக் கபிலம் கலந்த சாம்பல்.

முறிகண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்டி வீதியால் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும். என் கற்பனை ஸ்ரேசனுக்குப் பக்கத்திலும் கடவையடியில் ஒரு கச்சான் கொட்டில் வைத்திருக்கிறேன். இந்த மாதிரியில் நான் மிகவும் விரும்பிச் செய்தது அதுதான். கால்கள் ஈர்க்கு. கூரைக் கிடுகுக்குக் கபிலநிறப் பொதிக் கடதாசி: கீற்றாக எடுத்து, ஊசியால் இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, கீழ்விளிம்பை வெட்டாமல் கிழித்து, அடியிலிருந்து மேலே அடுக்க வேண்டும். புதுக் கிடுகு கபிலம். ஒரு மாரி கண்ட கிடுகு சாம்பல். ஒரு பக்கத்தில் இரண்டு கிடுகு மட்டும் புதிது. கச்சான் குவியலுக்கு அரித்த மணல்; வெளிர்க் காவி அடித்ததும் கச்சான் ஆகிவிட்டது. விற்கிற அம்மாவுக்கு 18 மில்லிமீற்றர் உயரம். ஐரோப்பியப் பொதியில் வந்த, மேற்கோட்டுப் போட்ட பெண்தான் அவர். கோட்டை அரத்தால் தேய்த்து, மெல்லிய ரிசுத் தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து மடிப்போடு சுற்றினால் சேலை. ஆண்களுக்குச் சாரம் இன்னும் லேசு. இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் அடைத்தால் போதும்.

இங்குள்ள வெப்பமும் ஈரமும் மாதிரிக்கு நல்லதல்ல. மட்டையை ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். உள்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து, மூலைக்கு மூலை குறுக்குத் துண்டு வைக்க வேண்டும். சுப்பர் குளூ காற்றில் உள்ள ஈரத்தில் இறுகுவது. மாரிக்காலத்தில் அதன் ஆவி யன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கண்ணாடிக்கு எப்போதும் பைண்டர் கம்தான். மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன், எறும்புக்காக. கறையானுக்குத் தினமும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மிஞ்சியிருப்பது கடைசிப் பூச்சு, மினுக்கமில்லாத வார்னிஷ். அது அடித்தால்தான் பசை பட்ட இடம், பெயின்ற் பட்ட இடம், மண் பட்ட இடம் எல்லாம் ஒரே வெளிச்சத்தை வாங்கும். ஸ்பிரே வார்னிஷ் ஈரக்காற்றில் பால்போல் வெளுத்துவிடும் என்பதால் அதற்குக் காய்ந்த நாள் வேண்டும், காலை பத்து மணிக்குப் பிறகு, காற்று எழும்ப முன்னர். ஐப்பசி மழை தொடங்கினால் தைக்குப் பிறகுதான் அப்படியொரு நாள் வரும். தண்ணீர்த் தாங்கியின் தூண்களுக்கு இன்னும் மண் தெறிக்கவில்லை. அதை இந்தக் கிழமை முடித்தால், ஸ்ரேசன், கொட்டகை, கச்சான் கொட்டில் மூன்றையும் ஒன்றாகவே முற்றத்துக்குக் கொண்டுபோய் அடித்துவிடலாம்.